கோடைவாசமும் மாதச் சீட்டும்

சித்திரை பிறந்ததும் எங்கள் ஊர்க் கூட்டுச்சாலையில் இரண்டு வகைப் பதாகைகள் முளைத்துவிடும். ஒன்று, தண்ணீர்ப் பந்தல் திறப்பவர்களின் பெயர்களும் படங்களும் தாங்கியது. மற்றொன்று சுற்றுலா அறிவிப்பு. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், மூன்று நாள், சாப்பாடு உட்பட, என்று மஞ்சள் எழுத்துகளில் இருக்கும். கணியம்பாடி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள ஊர். வேலூர் வெயிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தை இரவில் நிதானமாகத் திருப்பித் தருகின்றன. பாலாறு மணலாகக் கிடக்கிறது. அந்தப் பதாகையில் இருக்கும் ஊட்டி ஏரியின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்பதே ஒரு தண்டனை.

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர் எவரைக் கேட்டாலும், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரையிலான ஐம்பது நாள்தான் எங்களுக்கு ஆண்டு, மீதியெல்லாம் வட்டி கட்டும் காலம், என்பார்கள். அந்த ஐம்பது நாள் வருவாயை எப்படிப் பெருக்குவது என்பது வணிகவியல் துறையினரின் கேள்வி. நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவன். ஆயினும் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சில ஆண்டுகளாக ஆர்வத்தோடு தேடிப் படித்ததில், கோடையின் வருவாய் கோடையில் ஈட்டப்படுவதில்லை என்ற எண்ணம் எனக்குள் வலுப்பட்டிருக்கிறது.

முதலில் ஒரு சிறு விலகல். தொல்காப்பியம் பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதுகளாக வகுத்தது நண்பர்கள் அறிந்ததே. சங்க அகப்பாடல்களின் தலைவன் பொருள்வயின் பிரிந்து சுரம் கடப்பது இந்தக் காலத்தில்தான். உப்பு வணிகரான உமணர் வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு கூட்டமாகச் சென்றனர். அப்படிச் செல்லும் வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். அன்று கோடையில் வெயிலுக்குள் சென்றவர் பொருள் ஈட்டச் சென்றார். இன்று குடும்பத்தோடு வெயிலை விட்டு ஓடுபவர் பொருளைச் செலவழிக்கச் செல்கிறார். பாலைத் தலைவனின் இடம் வண்டி ஓட்டுபவருக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சுற்றுலா வேன் ஓட்டுநர்களின் மனைவிமாரைக் கேட்டால், மே மாதத்தில் அவர்களை வீட்டில் பார்ப்பது அரிது என்பார்கள்.

கோடையில் மலைக்குப் போவது தமிழருக்குப் பழைய வழக்கமன்று. அதை ஒரு பருவமாக ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1820களில் அங்கே தோதவர்களின் மேய்ச்சல் வெளியில் கல்வீடு எழும்பியது, ஏரி வெட்டப்பட்டது. 1834இல் மெக்காலே சென்னையில் வந்திறங்கி உதகைக்குச் சென்றபோது, ஏறத்தாழ 400 மைல் தொலைவையும் மனிதர்களின் தோள்மீதே கடந்தார். அடுத்த ஆண்டு இந்தியர்களின் கல்வியைப் பற்றி அறிக்கை எழுதப்போகிற அதே மெக்காலேதான். ஒரு பல்லக்குக்கு மாற்றாட்களோடு பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒருவர் குளிர்ச்சி அடைவதற்குப் பன்னிரண்டு பேர் வியர்க்க வேண்டியிருந்த அந்த ஏற்பாட்டில் சுற்றுலா ஒரு தொழிலாக வளர வழியே இல்லை.

1870களில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்கு இடம் பெயரத் தொடங்கியது. ஆளுநர், அவருடைய ஆலோசகர்கள், கோப்புப் பெட்டிகள், எழுத்தர்கள், சமையற்காரர்கள் என்று ஒரு சிறு நகரமே மலையேறி மாதக்கணக்கில் தங்கியது. சென்னைக் கடைகள் பின்தொடர்ந்தன. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கும் அங்கே கிளை வந்தது. 1896இல் மலர்க் கண்காட்சி தொடங்கியது. மக்கள் வரிப்பணத்தில் அதிகாரிகள் குளிர்காய்வது (குளிரில் காய்வது என்றே சொல்ல வேண்டும்) நியாயமா என்று தேசியப் பத்திரிகைகள் கேட்டன. வருவாய் என்ற கோணத்தில் பார்த்தால் அந்தப் பருவத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. வருபவர்களின் எண்ணிக்கை அரசாணையால் முடிவானது. ஆகவே விடுதிக்காரரும் கடைக்காரரும் வருவாயைக் கூட்ட ஒரே வழி விலையைக் கூட்டுவது. ‘சீசன் ரேட்’ என்ற சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொடைக்கானலின் தொடக்கம் வேறு வகை. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் உயிர் பிழைப்பதற்காக அங்கே இரண்டு வீடுகள் கட்டினார்கள். காய்ச்சலும் வெப்பமும் அவர்களுடைய குழந்தைகளைத் தொடர்ந்து பலி கொண்டிருந்தன. பின்னாளில் வேலூரும் அதில் இணைந்தது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தின் கோடை, கொடைக்கானலோடு பிணைந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இறுதிக் காலத்தை அங்கேயே கழித்து, 1960 மே மாதத்தில், கோடையின் உச்சத்தில், கொடைக்கானலில் காலமானார். அந்தக் காலத்துப் பயணம் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம் வரை வண்டி, அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரத்துத் தோப்பு, பிறகு குதிரையோ நாற்காலியோ நடையோ என்று அமைந்தது. இன்றும் அந்த ரயில் நிலையத்துக்குக் கொடைக்கானல் ரோடு என்றே பெயர். அந்தப் பெயரை நம்பி இறங்கியவர்களைத் தயாராகக் காத்திருக்கும் வாடகைக் கார்கள் நன்கு அறியும்.

இனி, இந்தக் கட்டுரையின் நடுவில் நிற்க வேண்டிய மனிதருக்கு வருகிறேன். அவர் நம்மூர்க்காரர் அல்லர். தாமஸ் குக், இங்கிலாந்தில் மரவேலை செய்தவர், பாப்டிஸ்டு சபையின் போதகர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். தலைக்கு ஒரு ஷில்லிங். ரயில் நிறுவனத்திடம் அவர் சொன்ன கணக்கு எளிமையானது. ஓடாமல் நிற்கும் பெட்டிகளை நான் நிரப்பித் தருகிறேன், நீங்கள் கட்டணத்தைக் குறையுங்கள். நான்கைந்து ஆண்டுகளில் இதையே தொழிலாக்கினார். 1846இல் திவாலும் ஆனார். மறுபடி எழுந்தார்.

1851 கோடையில் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. மே முதல் நாள் தொடங்கி அக்டோபர் நடு வரை. வட இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்திலும் இருந்த ஆலைத் தொழிலாளர்களை லண்டனுக்கு அழைத்துவரும் பொறுப்பைக் குக் ஏற்றார். ஒரு வாரக் கூலியில் லண்டன் பயணம் முடியாதவர்கள் அவர்கள். ஆகவே கண்காட்சிக்கு முன்பிருந்தே வாரந்தோறும் சில பென்ஸ் சேமிக்கும் சங்கங்கள் ஊர்தோறும் ஊக்குவிக்கப்பட்டன. அவரும் அவர் மகனும் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் அழைத்து வந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர். கண்காட்சிக் காலத்தில் கட்டணத்தை உயர்த்தி எவ்வளவு பிடுங்கியிருந்தாலும் இத்தனை வருவாய் வந்திருக்காது. இவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் லண்டனையே பார்த்திராதவர்கள். அதாவது, வேறு எந்தப் பயண வியாபாரியின் கணக்கிலும் வராதவர்கள்.

இந்தியாவில் குக் நிறுவனத்தின் அலுவலகம் 1881இல் பம்பாயில் திறக்கப்பட்டது. அதன் வழிவந்த இந்திய நிறுவனம் தனியானது, இன்றும் இயங்குகிறது. பிரிட்டிஷ் நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று கடன் சுமையால் வீழ்ந்தது. கோடையில் முன்பணம் குவியும், குளிர்காலத்தில் விடுதிகளுக்குப் பாக்கி நிற்கும் தொழில் அது. வீழ்ந்த அன்று வெளிநாடுகளில் தவித்து நின்ற பிரிட்டிஷ் பயணிகள் ஏறத்தாழ 1,50,000 பேர். எண்கள் சில நேரம் இப்படி எதிரெதிரே வந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டில் மலைப் பருவத்தை ஆளுநர் மாளிகையிலிருந்து கீழே இறக்கியவை ரயிலும் பேருந்தும். மேட்டுப்பாளையம் குன்னூர் மலை ரயில் 1899இலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908இலும் வந்தன. விடுதலைக்குப் பின் அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை கிடைத்தது. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் உருவானது. திரைப்படப் பாடல்கள் செய்த விளம்பரத்தைத் தனியாக எழுதவேண்டும். இங்கே வேண்டாம்.

எங்கள் தெருவுக்குப் பின்புறம் வேன் வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் பழைய மேட்டடோர் வேன் ஒன்றை வாங்கிக் கல்யாணச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தமில்லாத நாள்களில் வண்டி புளியமரத்தடியில் நிற்கும். நாங்கள் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுவோம். பிறகு மஸ்தா வேன் வந்தது. அப்போதுதான் அவர் சுற்றுலாச் சீட்டு தொடங்கினார். ஆனி மாதம் தொடங்கி அடுத்த சித்திரை வரை மாதம் ஒரு சிறு தொகை. சேர்ந்தவர்கள் யாரென்று பார்த்தால், வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள், பூக்கட்டுபவர்கள். மே மாதத்தில் மொத்தமாகப் பணம் கேட்டால் ஊட்டி இவர்களுக்கு நிலவைப்போலத் தொலைவானது. மாதாமாதம் என்றால் எட்டிவிடும். குக்கின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கூலி வேலையில் இருப்பவரோடு வாழ்ந்த இருவர் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவருடைய கணக்கு வழக்கை ஒருமுறை விரிவாகக் கேட்டேன். தை மாதத்தில், மலையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போதே, சீட்டுப் பணத்திலிருந்து விடுதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். சித்திரையில் மற்றவர்கள் கொடுக்கும் வாடகையில் அவருக்குப் பாதிதான் ஆகும். மலைப் பயணங்களை ஞாயிறு இரவு புறப்படுமாறு வைப்பார். சனி ஞாயிறு நெரிசல் கீழே இறங்கும்போது இவர் மேலே ஏறுவார். புதன் இரவு திரும்பி வியாழன் வண்டிக்கு ஓய்வு, டயர், ஆயில். வெள்ளிக்கிழமை முதல் திருப்பதி, மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி என்று வேறொரு கூட்டம். சித்திரைப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கு எங்கள் சாலையில் தேர்த்திருவிழாபோல் கூட்டம் போகும். அன்று உள்ளூர்ச் சவாரியே போதும். வண்டி வாரத்தில் இரண்டு முறை நிரம்பியது. சமையல்காரர், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வண்டியின் மேலே ஏறிவிடும். “சீட்டு காலியா போனா அந்த எடத்துக்கும் நான்தான் சார் டீசல் ஊத்தணும்” என்றார். நூல்களில் படித்ததைவிட எனக்கு இந்த வாக்கியம் தெளிவாக இருந்தது.

சீட்டுப் பணத்தை அவர் அஞ்சலகத்தில் தனிக் கணக்கில் போட்டுவந்தார். கேட்பவருக்குப் பாஸ் புத்தகத்தைக் காட்டுவார். இதன் அருமை எனக்கு வேறொரு அனுபவத்தால் புரிந்தது. ஓராண்டு எங்கள் துறை மாணவர்களை உதகைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நகரத்தில் பெரிய அலுவலகம் வைத்திருந்த ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டினோம். மே இரண்டாம் வாரம். நள்ளிரவுக்குச் சற்று முன் விடுதி வாசலில் போய் நின்றால், எங்கள் பெயரில் அறை இல்லை. அதிக விலை கொடுத்த வேறு கூட்டத்துக்கு அது போய்விட்டிருந்தது. மாணவியரைத் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு, நானும் மாணவர்களும் பேருந்துக்குள் விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஓர் இரவில் அவருக்குக் கிடைத்த கூடுதல் தொகை என்னவென்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு எங்கள் கல்லூரியிலிருந்து எந்தத் துறையும் அவரிடம் போகவில்லை.

2020இல் மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. சீட்டு முழுதும் கட்டி முடித்து, பெண்கள் ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்துவிட்ட நேரம். அந்தக் கோடை போயிற்று. 2021 கோடையும் போயிற்று. ஐம்பது நாளை நம்பி வாழும் தொழிலுக்கு இரண்டு ஆண்டு மழை பொய்த்ததற்கு ஒப்பானது அது. அப்போது அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்றை விற்றார், தவணை கட்ட முடியவில்லை. அந்த நெருக்கடியிலும், விடுதிகளில் சிக்கிய அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு முன்பே, சீட்டுப் பணத்தை வீடு வீடாகச் சென்று திருப்பிக் கொடுத்தார். தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த வீடுகளில் அந்தப் பணம் அரிசியாயிற்று. 2022இல் மறுபடி சீட்டு தொடங்கியபோது பதாகையே வைக்கவில்லை. பழைய ஆட்களே வந்து இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

பிறகு வந்தது இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. அவ்வழக்கில் வைக்கப்பட்ட கணக்கின்படி, பருவக் காலத்தில் நீலகிரிக்குள் நாள்தோறும் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நுழைந்தன. அவற்றில் கார்கள் சுமார் 11,500, இருசக்கர வண்டிகள் 6,500, வேன்கள் 1,300, பேருந்துகள் 600. மறு ஆண்டு உச்ச வரம்பே வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வாரநாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு.

தொழில் அழிந்தது என்று விடுதிக்காரர்களும் வணிகர்களும் எதிர்த்தார்கள். கடையடைப்பும் நடந்தது. எங்கள் பகுதிக்கு இந்தக் குரல் புதிதன்று. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் இதையே கேட்டோம். தோல் தொழில் தொடர்ந்தது. சுத்திகரிப்பு அதன் செலவுக் கணக்கில் ஏறியது. நிலத்தடி நீரில் சேர்ந்த உப்பு மட்டும் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கு அந்தத் தாமதம் நேரக்கூடாது என்று நான் நினைப்பதற்கு எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே காரணம்.

வரம்பின் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஒரு காரில் நான்கு பேர் என்றால் 11,500 கார்களில் 46,000 பேர். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் என்றால் வெறும் 600 பேருந்துகளில் 30,000 பேர். வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்த பிறகு, ஓர் அனுமதிச் சீட்டில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதே வருவாயை முடிவு செய்யும். காலிப் பெட்டிகளை நிரப்பிய 1841ஆம் ஆண்டுக் கணக்கு இங்கே திரும்பி வந்திருக்கிறது. வேன்காரருக்கு இது சாதகம். வாரநாளில் ஏறுவதும் பத்து மாதம் முன்பே ஆள் பெயர் தெரிந்திருப்பதும் அவருக்குப் பழக்கம்தான். நான்கு பேருக்கு ஒரு கார் என்று வாடகைக்கு விட்டவர்கள்தாம் திண்டாடுகிறார்கள்.

ஆனாலும் அவர் ஒரே மலையை நம்பியிருக்க விரும்பவில்லை. எங்கள் பக்கத்து மலைகளையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். ஜவ்வாது மலையடியில் அமிர்தி இருக்கிறது. கோடையில் அருவி மெலிந்துவிடும், பிள்ளைகளுக்கு விலங்குகளைக் காட்டலாம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடும் வழக்கம் உண்டு. ஏலகிரி இருக்கிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம்தான், ஊட்டியின் குளிர் கிடைக்காது. ஆனால் காலையில் போய் இரவு திரும்பலாம், அறை வாடகை இல்லை.

ஏலகிரிப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். சென்ற கோடையில், வளைவுக்கு வளைவு அவர்கள் யாரென்று சொல்ல முடியுமா என்று என்னை அழைத்தார். இலவசப் பயணம், மதியம் புளியோதரை. பாரிக்கும் பேகனுக்கும் வண்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதியமான் வளைவில், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், “இவருக்கு எந்த ஊரு சார்?” என்று கேட்டார். தகடூர், இப்போது தருமபுரி, என்றேன். “போன வருசம் ஊட்டிக்குப் போறப்ப தருமபுரி வழியாத்தானே போனோம். ராத்திரி தூங்கிட்டோம். யாருமே சொல்லலியே” என்றார்.

முன்னிருக்கையிலிருந்த வேன்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை தருமபுரியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஊட்டிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், இ-பாஸில் எந்தத் தேதி போடவேண்டும் என்று ஓட்டுநரோடு கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.